முக்கால் மணி நேர வேலை

பல்லுக்காரர் என்று அவரைக் கூப்பிடுவது கேலி இல்லை, தொழில். பல் மருத்துவர்கள் நோயாளிகளின் வாயில் அச்செடுத்து அனுப்பினால் அதற்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிற ஒரு லேப்பில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்தார். பக்கத்துப் பக்கத்துப் பல்லுக்கு நடுவே தலைமுடி நுழைகிற இடைவெளி இருந்தால்கூட உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி செய்வார். கையில் அவ்வளவு சுத்தம். அதனால் மர வேலை பழகப் போகிறேன் என்று அவர் சொன்னபோது அவர் மனைவி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர் வாயைப் பார்த்தே பிழைக்கிற மனுஷன், வீட்டுக்கு வந்து நாலு ஆணி அடித்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தாள்.

முதல் மாதம் ஒரு ரம்பம், ஒரு சுத்தியல், இரண்டு உளி வந்தன. அவற்றை வைத்து ஒரு முக்காலி செய்தார். அதாவது முக்காலி ஆகிப்போன நாற்காலி. நாலு காலில் மூன்று தரையில் நின்றன, ஒன்று ஆகாயத்தில் நின்றது. அவள் மாமனார், அதாவது பல்லுக்காரரின் அப்பா, அதில் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் ஆடிப் பார்த்து, "பரவால்லடா, ஊஞ்சலும் ஆச்சு, ஸ்டூலும் ஆச்சு" என்று சிரித்தார். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர், எதையும் சிரித்துக் கடப்பவர். மகன் சிரிக்கவில்லை. அன்றே முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பையில் வைத்துவிட்டு வந்தார்.

"ரம்பம் சரியில்ல. மலிவு ரம்பம். கோணலா இழுக்குது" என்றார் மனைவியிடம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவள் நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கிவிட்டாள். பிற்பாடு பல தடவை நினைத்திருக்கிறாள், அன்றைக்கு அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று.

நல்ல ரம்பம் வந்தது. நல்ல ரம்பத்துக்கு ஏற்ற மேசை வந்தது. மேசை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம் வந்தது, ரசமட்டம் பொய் சொல்கிறதோ என்ற சந்தேகத்தில் வெளிச்சக் கோடு போட்டுக் காட்டுகிற இன்னொரு கருவி வந்தது. உளிகள் இரண்டு ஆறாகி, ஆறு இருபதாயின. உளிகளைத் தீட்ட நாலு வகைச் சாணைக்கல். இழைப்புளி மட்டும் ஒன்பது. அவற்றில் இரண்டு அட்டைப்பெட்டிக்குள், எண்ணெய்க் காகிதம் சுற்றியபடியே இருந்தன. மரம் எத்தனை ஈரமாக இருக்கிறது என்று சொல்லும் ஒரு சாமானும் இருந்தது. மரம்தான் வீட்டில் இல்லை.

இதெல்லாம் எங்கே போகும்? மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அறைக்குள் போயிற்று. முதல் வருட விடுமுறைக்கு வந்தவள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"அம்மா, என் கட்டில் எங்க?"

"மொட்டைமாடியில மடக்கி வச்சிருக்கார். புதுசா ஒண்ணு செஞ்சு தரேன்னு சொல்லியிருக்கார்டி."

"எப்போ?"

மகள் அந்த விடுமுறையைக் கூடத்தில் பாய் விரித்துக் கழித்தாள். அடுத்த விடுமுறைக்குத் தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டாள்.

பல்லுக்காரர் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. தினமும் இரண்டு மணி நேரம் அந்த அறைக்குள்தான் இருப்பார். சாமான்களைத் துடைப்பார், எண்ணெய் போடுவார், சுவரில் மாட்டுவார், மாட்டியதை வேறு வரிசையில் மாற்றி மாட்டுவார். படம் எடுத்து, தன்னைப் போலவே இருக்கிற நாற்பது ஐம்பது பேர் கூடியிருக்கிற கைபேசிக் குழுவில் போடுவார். 'அடேயப்பா', 'பொறாமையா இருக்கு சார்' என்று பதில் வரும். முகம் மலர்ந்துவிடும். அந்த மலர்ச்சியைப் பார்க்கிறபோது மனைவிக்கு வயிற்றெரிச்சல் ஒரு பக்கம், பாவமாக இருப்பது ஒரு பக்கம். மரத்தைத் தொட்டால் ரம்பம் கோணலாகப் போய்விடும். தொடாதவரைக்கும் அவர் கை சுத்தமான கைதான். இது அவளுக்குப் புரிய இரண்டு வருடம் பிடித்தது. அவருக்குக் கடைசிவரை புரியவில்லை, அல்லது புரிந்தும் வெளியே சொல்லவில்லை.

அவளுடைய வேலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஓர் எலும்பு மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசை அவளுடையது. பெயர், வயது, என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதிக்கொள்வாள். அறுபதைத் தாண்டியவர்கள் என்றால் மூன்றாவது கேள்வியைக் கேட்கவே வேண்டாம். "பாத்ரூம்ல வழுக்கிட்டாங்க." வாரத்துக்கு ஐந்து பேராவது இதே வாக்கியத்தோடு வருவார்கள். மருத்துவர் ஒவ்வொருவரிடமும் சொல்கிற வாக்கியமும் அவளுக்கு மனப்பாடம். "சுவத்துல ஒரு கைப்பிடி வச்சிருந்தா இந்தச் செலவே இல்ல."

மாமனாருக்கு இடது முழங்கால் மடங்க மறுத்தது. குளிக்கிற இடத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காருவார், எழுந்திருக்கும்போது சுவர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு எழுவார். குழாய் லேசாக ஆட ஆரம்பித்ததை அவள்தான் முதலில் பார்த்தாள். அன்று மாலையே கணவனிடம் சொன்னாள்.

"மாமாவுக்கு பாத்ரூம்ல ஒரு கைப்பிடி வைக்கணும்ங்க. கடையில ஸ்டீல்ல ரெடியா கிடைக்குது. நான் வரும்போது வாங்கிட்டு வரேன்."

"ஸ்டீலா? ஈரக்கையில வழுக்கும். மரத்துல பண்ணா பிடிச்சா பிடிச்ச மாதிரி இருக்கும்." அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "நானே செய்யறேன். அப்பா கைக்கு அளவெடுத்து, விரல் பதியற மாதிரி."

அப்பாவின் கையை மேசைமேல் வைத்து அளவெடுத்தார், அச்சுகூட எடுத்தார். கிழவருக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்வீட்டுக்காரரிடம், பால்காரரிடம், போகிற வருகிறவரிடம் எல்லாம் சொன்னார். "பையன் எனக்குன்னு கைப்பிடி செய்யறான். கடைச் சரக்கு இல்ல."

தேக்குக் கட்டை ஒன்று வந்தது. அது உலர வேண்டும் என்று இரண்டு மாதம் போயிற்று. உருட்டி இழைக்க வேறு மாதிரி இழைப்புளி வேண்டும் என்று தெரிந்தது. வந்தது, வாய் அகலம் போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது. வேறொன்று வந்தது. குளியலறை டைல்ஸில் துளை போட ட்ரில் வேண்டும், அதற்குத் தனி முனை வேண்டும், தூசி உறிஞ்ச ஒரு மெஷின் வேண்டும். ஊரைக் கூட்டி ஊசி எடுக்கிற கதை. ஆறு மாதம், எட்டு மாதம், ஒரு வருடம். கட்டை மட்டும் கட்டையாகவே கிடந்தது.

ஒரு நாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "எங்க டாக்டருக்குத் தெரிஞ்ச தச்சர் ஒருத்தர் இருக்கார். ஒரு ஃபோன் போட்டா வந்து வச்சிட்டுப் போயிடுவார்."

பல்லுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலிருந்து கையை எடுத்தார். "வீட்டுல இவ்வளவு சாமான் வச்சிக்கிட்டு வெளியாளைக் கூப்பிடுவியா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"யாருங்க அந்த நாலு பேர்? அந்த குரூப்பா?"

உள்ளே இருந்து மாமனாரின் குரல் வந்தது. "வேணாம்மா. அவன் செஞ்சு தரேன்னு சொல்லியிருக்கான்ல. அவசரப்படுத்துனா வேலை கெட்டுடும். நான் குழாயைப் பிடிச்சிக்கிறேன்."

இரண்டு ஆண்கள், ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. தனக்குள் அதை எத்தனை விதமாக மாற்றிச் சொல்லிப் பார்த்தாலும் தப்பு தப்பாகவேதான் நின்றது. ஸ்டீல் கம்பியைத் தானே வாங்கிவந்து, அவர் லேப்புக்குப் போன நேரத்தில் ஆள் வைத்து அடித்திருக்கலாம். கணவனின் முகம் வாடுமே என்று பார்த்தாள்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. கிளினிக்கில் கூட்டம். எதிர்வீட்டுக்காரரிடமிருந்து அழைப்பு வந்தது. மாமனார் விழுந்துவிட்டார், ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது.

நடந்தது இதுதான். அன்று மர வேலைச் சாமான் ஒன்று பார்சலில் வருவதாக இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்க ஆள் இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும். "அப்பா, எங்கேயும் போயிடாதீங்க, மணி அடிச்சா உடனே திறங்க" என்று மகன் காலையில் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போயிருந்தார். கிழவர் பத்தரை வரை காத்திருந்து பார்த்தார். வரவில்லை. குளிக்கப் போனார். தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கும்போது மணி அடித்தது. மறுபடி அடித்தது. பதறி எழுந்து குழாயைப் பிடித்தார். குழாய் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு கையோடு வந்தது. பார்சல்காரர்தான் உள்ளே அலறலையும் தண்ணீர் பீறிடும் சத்தத்தையும் கேட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டியவர். நல்ல மனிதர், கதவை உடைக்கத் தோள் கொடுத்தாராம். பெட்டியைக் கீழே வைக்காமல் அக்குளில் இடுக்கிக்கொண்டே இடித்தாராம், எதிர்வீட்டுக்காரர் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் மாமனாரை ஒரு தள்ளுபடுக்கையில் போட்டிருந்தார்கள். முடி இன்னும் ஈரமாக இருந்தது, காது மடலில் சோப்பு காய்ந்திருந்தது. இடுப்பெலும்பு இரண்டாகிவிட்டது என்று படத்தைப் பார்த்த மருத்துவர் சொல்லும் முன்பே, அந்தக் கால் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்த விதத்தைப் பார்த்து அவளுக்குத் தெரிந்துவிட்டது. பல்லுக்காரர் வெள்ளைக் கோட்டோடு ஓடிவந்தார். கோட்டின் கைகளில் பல் அச்சுக்குக் கரைக்கிற மாவு ஒட்டியிருந்தது.

அப்பா மகனைப் பார்த்ததும் உதட்டை அசைத்தார். "பார்சலை வாங்க முடியலடா."

மகன் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. "பரவால்லப்பா. நாளைக்கு மறுபடி கொண்டுவருவாங்க."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஒரு பிள்ளை அப்பாவிடம் வேறு என்னதான் சொல்லும். ஆனால் அவள் நெஞ்சில் ஏதோ ஒன்று அந்த நிமிஷத்தில் ஒடிந்தது. அது அதன் பிறகு ஒட்டிக் கூடவே இல்லை. அவள் வேலை பார்க்கிற இடத்தில் கூடாத எலும்புகளைப் பற்றிப் பேசுவார்கள். சிலருக்கு என்ன செய்தாலும் கூடாது.

மறுநாள் பார்சல் வந்தது. அவரே லீவு போட்டு இருந்து வாங்கினார்.

அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். பதினாறாம் நாள் மாமனார் சக்கர நாற்காலியில் வீடு திரும்பினார். பல்லுக்காரர் அன்று மனைவியின் மடியில் முகத்தைப் புதைத்து அழுதார். "என்னாலதான்" என்று சொன்னார், ஒரு தடவை இல்லை, பல தடவை. அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்த அழுகை பொய் இல்லை. அதற்கப்புறம் ஒரு வாரம்கூட ஆகவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் கைபேசியை நீட்டினார். "இது பாரேன். அப்பா படுக்கைக்கு ஒரு சாய்வு மேசை செய்யலாம்னு இருக்கேன். மரத்தை வளைக்கணும். அதுக்கு ஆவி பிடிக்கிற பெட்டி ஒண்ணு..."

அவள் எழுந்து போய்த் தச்சருக்கு ஃபோன் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தச்சர் வந்தார். தோளில் ஒரு சாக்குப்பை, காதில் ஒரு பென்சில். வாயில் எதையோ மென்றுகொண்டே குளியலறையைப் பார்த்தார், சுவரைத் தட்டினார், "எங்க கட்டை?" என்றார். அவள் ஒரு வருடமாக உலர்ந்துகொண்டிருந்த தேக்கை எடுத்துக் கொடுத்தாள். பல்லுக்காரர் வாசல் நிலையில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

தச்சருக்கு ட்ரில் முனை ஒன்று தேவைப்பட்டது. "வீட்டுல ஏதாவது இருக்குமாம்மா?" என்றார். அவள் மகளின் அறைக் கதவைத் திறந்து விட்டாள்.

அவர் உள்ளே போய் நின்றார். மெல்வது நின்றுவிட்டது. சுவர் முழுக்கப் பார்த்தார். "இங்க எத்தனை பேர் வேலை செய்யறாங்க?"

பல்லுக்காரரும் பின்னாலேயே வந்து நின்றார்.

"சார், நீங்களும் நம்ம தொழிலா?" உண்மையான மரியாதையோடுதான் கேட்டார். ஓர் உளியை எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். "இன்னும் சாணையே பிடிக்கலையே?"

"வைங்க அதை." பல்லுக்காரர் ஓரடி முன்னால் வந்தார். "கை ரேகை பட்டா துருப்பிடிக்கும்."

தச்சர் உளியைத் திரும்ப மாட்டினார். அவரையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். புரிந்துகொண்டார் போலிருக்கிறது. ட்ரில் முனை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குத் திரும்பினார். கட்டையை இழைத்து, உருட்டி, இரண்டு முனையிலும் துளை போட்டு, சுவரில் வைத்து முடுக்கி, தன் முழு எடையையும் அதில் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. முக்கால் மணி நேரம். காபி குடித்துவிட்டுப் போனார்.

அவர் படியிறங்கும் வரை காத்திருந்தார் பல்லுக்காரர்.

"என்னை அந்தாள் முன்னாடி அவமானப்படுத்திட்ட."

"ஆமா."

"என்ன ஆமா?"

"அவமானம்தான். ஆனா நான் படுத்தல. அந்த ரூம் கதவைத் திறந்தேன், அவ்வளவுதான்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். "முக்கால் மணி நேர வேலைங்க. ஒரு வருஷம் அந்த மனுஷன் குழாயைப் பிடிச்சிக்கிட்டு எந்திரிச்சார். நான் தினமும் கிளினிக்ல உட்கார்ந்து மத்தவங்க விழுந்ததை எழுதிக்கிட்டிருந்தேன். உங்களுக்குக் கைப்பிடி வேணாம். கைப்பிடி செய்யற சாமான்தான் வேணும்."

"சரியா செய்யணும்னு நினைச்சது தப்பா?"

"செய்யலையே."

படுக்கையிலிருந்து மாமனார் கூப்பிட்டார். இருவரும் போனார்கள். அவர் மருமகளைத்தான் பார்த்தார். "விடும்மா. அவன் செஞ்சிருப்பான். அதுக்குள்ள நான் விழுந்துட்டேன்."

அவள் அழவில்லை. அவருடைய போர்வையை இழுத்துச் சரி செய்துவிட்டு வெளியே வந்தாள். அந்தக் கிழவர் தன் மகனுக்காகப் பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதைவிட, மகன் அதை இழுத்துக்கொள்ள விட்டுவிட்டு நின்றதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மாமனார் அதன் பிறகு எழுந்து நிற்கவே இல்லை. குளிப்பாட்டுவதும் துடைப்பதும் படுக்கையிலேயே. ஏழு மாதம் கிடந்தார். நெஞ்சில் சளி கட்டி, மூன்று நாள் இழுத்து, ஒரு மத்தியானம் போய்ச் சேர்ந்தார். மகள் வந்தாள், இரண்டு நாள் இருந்தாள். புறப்படும்போது அம்மாவிடம் மட்டும் சொன்னாள். "அந்த ரூம்ல அது எல்லாம் இருக்கறவரைக்கும் நான் வரமாட்டேன். அப்பாகிட்ட சொல்லு, சொல்லாட்டி போ."

அவள் சொன்னாள். அதோடு தன் வாக்கியம் ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள். "அது போகணும், இல்ல நான் போகணும்." பல்லுக்காரர் கைபேசியை எடுத்து, குழுவில் 'மொத்தமாக விற்பனைக்கு' என்று படம் போட்டார். அரை மணி நேரத்தில் பதினேழு பேர் கேட்டார்கள்.

வந்தவர் முப்பது வயதுக்காரர், ஏதோ வங்கியில் வேலை. சின்னச் சரக்கு வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்து வந்திருந்தார். அறைக்குள் நுழைந்ததும் அவர் முகம் மலர்ந்த விதம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த மலர்ச்சி. ஒவ்வொன்றாக எடுத்து, தடவி, "இது உறைகூடப் பிரிக்கலையே சார்!" என்று கூவினார். பல்லுக்காரர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சாமானுக்கும் விளக்கம் சொன்னார், கரைத்துக் குடித்தவர் மாதிரி. பல மாதம் கழித்து அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தாள்.

அங்கே நிற்கப் பிடிக்காமல் கீழே போனாள். வண்டியின் முன்சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி. காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்து, ஒரு காலை வெளியே போட்டிருந்தாள்.

"தண்ணி ஏதாவது வேணுமாம்மா?"

"வேணாங்கக்கா. படி ஏற முடியல, அதான் இங்கயே உட்கார்ந்துட்டேன்." அந்தப் பெண் வண்டியின் காலிப் பின்பக்கத்தைத் தலையால் காட்டினாள். "எங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு பால்கனி நிறைய இருக்கு. இது போதும்னா கேக்க மாட்டேங்கறார். பாப்பாவுக்குத் தன் கையாலயே தொட்டில் செய்யணுமாம்."

"எத்தனை மாசம்?"

"இன்னும் நாலு மாசம் இருக்கு." பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அக்கா, உங்க வீட்டுக்காரர் இதை வச்சு என்னவெல்லாம் செஞ்சிருக்கார்?"

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். சும்மா கேட்ட கேள்வி இல்லை. ஒரு வார்த்தை போதும். சொன்னால் இந்தப் பெண் இறங்கி, மூச்சு வாங்கி, படியேறிப் போய், வேண்டாம் என்று சொல்லக்கூடும். சொன்னால் மேலே இருப்பதெல்லாம் மேலேயே இருந்துவிடவும் கூடும். முதல் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் இருவரும் படியில் இறங்கி வருகிற சத்தம் கேட்டது.

"நிறைய செஞ்சிருக்கார்மா" என்றாள். "நல்ல சாமான். தொட்டில் நல்லா வரும்."

அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. இவள் பார்வையைத் திருப்பிக்கொண்டு, வழியை மறைக்காமல் ஒதுங்கி நின்றாள். ஏற்றி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இவளும் இரண்டு பெட்டி தூக்கினாள்.

நாலு மாதம் போய், ஐந்தாவது மாதமும் போயிற்று. அதற்குள் பல்லுக்காரர் படம் வரையப் போகிறேன் என்று தூரிகைகள் வாங்க ஆரம்பித்திருந்தார். மகள் வரவில்லை, வேறு ஊரில் வேலை கிடைத்து அங்கேயே வீடு பார்த்துவிட்டாள். கிளினிக்கில் யாராவது கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தால் வண்டியில் பார்த்த அந்தப் பெண் நினைவுக்கு வருவாள். சாமான் வாங்கிப்போனவரின் எண் கணவனின் கைபேசியில் இருந்தது. கூப்பிட்டு, தொட்டில் ஆயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். அவள் கேட்கவில்லை. பெயர், வயது, என்ன ஆயிற்று என்று அடுத்த ஆளைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.